முதுமலையில் ஒரே ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

எனக்குக் கூடலூர். முதுமலைக் காட்டின் மேற்கு ஓரம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. கோடை லீவு விட்டால் மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாள்தான் இருக்கு, முதுமலையைக் காட்டிடு."

முதல் தடவை அக்காவும் மச்சானும் பிள்ளைகளோடு வந்தபோது எனக்கும் விவரம் பத்தவில்லை. ஊட்டியில் தங்கினார்கள். காலை டிபனை முடித்து, பைக்காராவில் படகு ஏறி, போகிற வழியில் இருந்த எல்லா இடத்திலும் இறங்கிப் படம் எடுத்து, யானை முகாமும் சஃபாரி கவுண்ட்டரும் இருக்கிற தெப்பக்காடு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. முகாமில் ஒரு யானைகூட இல்லை. சஃபாரி கவுண்ட்டரைச் சாயங்காலம்தான் திறப்போம் என்றார்கள். கண்ணில் பட்டது ரோட்டோரக் குரங்குகளும் நாலு புள்ளிமானும்தான். அக்கா மகள் காரிலேயே தூங்கிவிட்டாள். "பேருதான் பெருசா இருக்கு மாப்ளே, காட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார் மச்சான். அது எனக்கு உறைத்தது. காட்டில் எல்லாம் இருந்தது, நாங்கள் போன நேரத்தில் அவையெல்லாம் நிழலில் படுத்திருந்தன. அதற்குப் பிறகு யார் வந்தாலும் கீழே எழுதியிருக்கிற மாதிரிதான் கூட்டிப்போகிறேன். யாரும் வெறுங்கண்ணோடு திரும்பியதில்லை.

இந்தத் திட்டம் முழுவதும் ஒரு விஷயத்தில் நிற்கிறது. காட்டில் பார்க்கிற நேரம் இரண்டே இரண்டு: விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம். இந்த இரண்டையும் காட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு, தூக்கம், ஊர் பார்ப்பது, பயணம் எல்லாம் நடுவில் கிடக்கிற நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

போகும் முன் காட்டைப் பற்றிக் கொஞ்சம்

1940-ல் சரணாலயமாகத் தொடங்கியது முதுமலை. உள்ளே 103 சதுர கிலோமீட்டரை 1990-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2007-ல் 321 சதுர கிலோமீட்டரும் புலிகள் காப்பகமானது. வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு, கிழக்கே சீகூர் வழியாகச் சத்தியமங்கலம் என்று நாலு பக்கமும் காடு தொடர்ந்து கிடக்கிறது. யானைக்கு மாநில எல்லை கிடையாது. காலையில் நீங்கள் பார்க்கிற கூட்டம் நேற்று பந்திப்பூரில் நின்றதாக இருக்கலாம்.

இந்தக் காட்டின் உண்மையான அதிசயமாக நான் நினைப்பது மழை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அங்கே மரங்கள் உயரம், மூங்கில் புதர், ஈர வாசனை. அங்கிருந்து கிழக்கே போகப்போக மலை மழையை மறைத்துவிடுகிறது. தெப்பக்காட்டுப் பக்கம் தேக்கும் வேங்கையும் வெண்தேக்குமாக இலையுதிர் காடு. மசினகுடி தாண்டினால் முள்மரமும் புதரும் செம்மண்ணும். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் மூன்று விதமான காட்டைக் கடக்கிறீர்கள். மேற்கிலிருந்து கிழக்காகப் போகிற மாதிரி நாளை அமைத்தால் இந்த மாற்றம் தானாகவே கண்ணில் படும்.

முதல் படி: முந்தின இரவு கீழே இறங்கிவிடுங்கள்

ஊட்டியில் தங்கி விடியற்காலையில் கிளம்பி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், அங்கிருந்து தெப்பக்காடு இன்னொரு 18. மலைப்பாதையில் இருட்டோடும் பனியோடும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வருவது பெரும்பாடு. முந்தின நாள் மதியமே ஊட்டியை விட்டுக் கிளம்பிப் பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்குங்கள். வழியில் ஒரே ஒரு இடத்தில் நின்றால் போதும், ஊசிமலை. கூடலூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அந்தப் பாறை முனையில் நின்றால் மறுநாள் நீங்கள் போகப்போகிற காடு முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். வெயில் தாழ்ந்த நேரத்தில் அதைப் பார்த்துவிட்டால், காலையில் வேனுக்குள் உட்காரும்போது எங்கே இருக்கிறோம் என்ற நிதானம் இருக்கும்.

தங்குவதற்குக் கூடலூர், மசினகுடி இரண்டும் சரிதான். கூடலூரில் லாட்ஜ், ஹோட்டல், பெட்ரோல் பங்க், ஏடிஎம் எல்லாம் உண்டு. மசினகுடி காட்டுக்கு நடுவில் இருக்கிறது, தெப்பக்காட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். வனத்துறையின் தங்கும் விடுதிகள் தெப்பக்காட்டிலும் பக்கத்திலும் இருக்கின்றன. முன்பதிவில் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு.

மசினகுடிப் பக்கம் தனியார் இடத்தில் தங்குவதாக இருந்தால் அனுமதி உள்ள இடம்தானா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். சீகூர் மேட்டில் யானைகள் காலங்காலமாக நடக்கிற வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகள் பற்றி வழக்கு நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்புச் சொன்னது. அதற்கு அடுத்த ஜனவரியில் மசினகுடியில் ஒரு ஆண் யானை மேல் எரிகிற பொருளை எறிந்தார்கள். காது கருகி, சில நாள் வேதனைப்பட்டு அந்த யானை செத்துப்போனது. அந்த வீடியோவைப் பார்த்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நாம் எங்கே படுக்கிறோம் என்பது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை.

இரண்டாவது படி: கையில் இருக்க வேண்டியவை

இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும். 2025 கோடையில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் வருகிறவர்கள் தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைப் போட்டுவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இது தேவையில்லை.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். கடையில் விற்கிற ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் போடுவார்கள்.

அப்புறம் ஒரு பைனாகுலர். சொந்தமாக இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். போனில் ஜூம் பண்ணிப் பார்க்கிறதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உடுப்பு பச்சை, பழுப்பு, சாம்பல் மாதிரி மங்கலாக இருக்கட்டும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். போன் சிக்னல் வரும், போகும். அதனால் பாஸ், டிக்கெட் எல்லாவற்றையும் படமாகப் போனில் சேமித்து வையுங்கள்.

மூன்றாவது படி: காலை ஆறு மணி

தெப்பக்காட்டு வழியாக மைசூர் போகிற நெடுஞ்சாலையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பொது வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மிருகங்கள் அடிபடாமல் இருக்கத்தான் இந்தத் தடை. ஆறு மணிக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கும்போது முதல் பத்து வண்டிகளில் உங்கள் வண்டி இருக்க வேண்டும். இரவு முழுக்க ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த ரோடு அது. அந்த முதல் அரை மணியில் ரோட்டோரத்திலேயே யானையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். முப்பதுக்கு மேல் போகாதீர்கள், கண்ணாடியை இறக்கி வையுங்கள், பாட்டு வேண்டாம்.

வனத்துறையின் வேன் சஃபாரி தெப்பக்காட்டு வரவேற்பு மையத்திலிருந்து கிளம்புகிறது. காலையில் ஆறரை, ஏழு மணி வாக்கில் தொடங்கும், மாலையிலும் உண்டு. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே சுற்றுவார்கள். முதல் வேனிலேயே இடம் பிடியுங்கள். எட்டரை மணி வேனுக்கும் முதல் வேனுக்கும் பார்க்கிற எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

சரி, வேனில் ஏறியாயிற்று. என்ன பார்ப்பது?

"புலி வருமா?" என்று டிரைவரைக் கேட்காதீர்கள். எத்தனையோ வருஷமாக இந்த ரோட்டில் போய் வருகிற எனக்கே புலி கிடைத்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். புலியையே தேடுகிற கண்ணுக்கு மற்றது எதுவும் தெரியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு. மரத்தின் கிளைக்கவட்டில் பெரிய இலைக்கூடு தெரிகிறதா பார், அது மலையணிலின் வீடு. தேக்கு மரத்தில் பட்டை உரிந்து தொங்குகிறதா, யானை வந்து போயிருக்கிறது. பாதையில் சாணி கிடந்தால் அது ஈரமா, காய்ந்ததா? மந்தி மரத்தின் மேலே, புள்ளிமான் அதே மரத்தின் அடியில் நிற்கிறதா? மந்தி உதிர்க்கிற தழையை மான் தின்னும். மேலே இருக்கிற மந்திக்குச் சிறுத்தை தூரத்திலேயே தெரிந்துவிடும். அது குரல் கொடுத்தால் மான் தலையைத் தூக்கும். எல்லா மானும் ஒரே திசையில் பார்த்து விறைத்து நின்றால், நீங்களும் அந்தத் திசையில் பாருங்கள். காட்டில் துப்புச் சொல்வது அவைதான்.

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் புள்ளிமான், கடமான், மயில், காட்டெருமை, மலையணில் இவற்றில் பாதியாவது காலை வேனில் கிடைக்கும். காட்டெருமை என்று நாங்கள் சொன்னாலும் அது மாட்டினம்தான். சங்கப் பாடல்களில் ஆமா என்று வருவது இதுவே. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அதன் தோள் உயரத்தைப் பக்கத்தில் பார்த்தால் மூச்சு ஒரு நிமிஷம் நின்றுபோகும். அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம் கிடைக்கும். எனக்குப் புலியைவிடச் செந்நாயைப் பார்க்கத்தான் ஆசை. ஒன்றை ஒன்று சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டு, குட்டிகளுக்கு முதலில் தின்னக் கொடுத்து, அவை குடும்பமாக வாழ்கிற விதம் அப்படி.

நான்காவது படி: எட்டரைக்கு யானை முகாம்

வேன் இறங்கியதும் நேரே முகாமுக்கு நடங்கள். யானையை நிச்சயமாகப் பார்க்கக்கூடிய நேரம் இதுதான். காலையில் எட்டரை வாக்கில் யானைகளுக்குத் தீனி கொடுப்பார்கள், மாலையில் ஐந்தரை வாக்கில் இன்னொரு தடவை. இடைப்பட்ட நேரத்தில் யானைகளை மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். மச்சான் பன்னிரண்டரைக்குப் பார்த்த வெறும் கொட்டகையின் ரகசியம் இதுதான்.

கேழ்வரகுக் களி, கொள்ளு, அரிசிச் சோறு, வெல்லம், உப்பு, தேங்காய். இவற்றைப் பிசைந்து பெரிய கவளமாகப் பிடித்துப் பாகன் யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார். ஒவ்வொரு யானைக்கும் வயசுக்கும் உடம்புக்கும் ஏற்ற அளவு. மருத்துவர் சொன்னபடி மருந்தும் அதற்குள்ளேயே போகும். ஒரு யானை கவளத்தை வாங்காமல் தலையை ஆட்டினால் பாகன் அதோடு என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். அதட்டல் கொஞ்சம், கெஞ்சல் கொஞ்சம். வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம் அம்மா பேசுகிற பேச்சேதான்.

பாகன்களும் அவர்களுக்குத் துணையான காவடிகளும் பெரும்பாலும் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் மரம் இழுக்க யானைகளைப் பழக்கத் தொடங்கிய முகாம் இது. இன்றைக்கு ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி விரட்டுகிற கும்கிகளும், தாயைப் பிரிந்த குட்டிகளும், வயசாகி ஓய்வு பெற்ற யானைகளும் இங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல உயிர்களை வாங்கிய ஒரு மக்னாவை, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானையை, 1998-ல் கூடலூர்ப் பக்கம் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். காயங்களை ஆற்றிப் பழக்கினார்கள். யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயரையொட்டி அதற்கு மூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரே நடுங்கிய அந்த யானை பிற்காலத்தில் முகாமிலேயே சாதுவான ஒன்றாகக் கவளத்துக்கு வாய் திறந்து நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணக் குறும்படம் இங்கே எடுத்தது என்பதால், குட்டி யானையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம் என்று நினைத்து நிறையப் பேர் வருகிறார்கள். அதற்கு அனுமதி இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், பழம் நீட்டாதீர்கள்.

ஐந்தாவது படி: நடுப்பகலைச் சும்மா விடுங்கள்

பத்து மணிக்கு மேல் காடு படுத்துவிடும். நீங்களும் படுத்துவிடலாம். மசினகுடிக்குப் போய் டிபன் சாப்பிட்டு, குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுங்கள். இந்த இடைவெளியில்தான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். நேரம் வீணாகிறதே என்று ஊட்டிக்கு ஓடிவிடுகிறார்கள், இல்லையென்றால் "உள்ளே கூட்டிப்போறேன்" என்று கூப்பிடுகிற ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். மசினகுடியின் தனியார் ஜீப்புகள் காப்பகத்தின் சஃபாரிப் பாதைக்குள் போக முடியாது. ஊரைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில்தான் சுற்றும். நேர்மையாக அதைச் சொல்லி, மாலையில் பொறுமையாக ஓட்டிக் காட்டுகிற உள்ளூர் டிரைவர்கள் உண்டு. அவர்களோடு போவதில் தப்பில்லை. ஆனால் இரவுச் சஃபாரி என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அது சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து.

ஆறாவது படி: மூன்றரைக்கு மேல் மாயாறு ரோடு

மாலைக்கு இன்னொரு வேன் சஃபாரி வேண்டாம் என்பேன். காலையில் பார்த்தது இலைக்காடு. மாலையில் முள்காட்டைப் பாருங்கள். மசினகுடியிலிருந்து மாயாறு என்ற சிற்றூருக்குப் போகிற ரோடு திறந்த புதர்க்காட்டு வழியாகப் போகிறது. மரம் குட்டை, பார்வை தூரம் போகும். வலது பக்கம் நீலகிரி மலை சுவர் மாதிரி நிற்கும். மானும் மயிலும் காட்டுப்பன்றியும் இந்த நேரத்தில் வெளியே வரும்.

மாயாறு முக்குருத்தி மலைப்பக்கம் பைக்காராவாகப் பிறந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, தெப்பக்காடு தாண்டி ஒரு பெரும் பள்ளத்தாக்குக்குள் விழுந்து மறைந்துபோகிறது. அதனால்தான் அது மாயாறு என்று ஊரில் சொல்வார்கள். பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகத் தடை இருக்கிறது, அதை மீற வேண்டாம். ரோட்டிலிருந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாலே போதும்.

வானத்தில் தேட வேண்டியது பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று சொல்வோமே, அதேதான். மாட்டுக்குப் போடுகிற டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அவற்றைக் கொன்று தீர்த்தது. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-ல் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மிகச் சில இடங்களில் இந்தச் சீகூர்–மாயாறு பகுதி முக்கியமானது. வெண்முதுகுப் பாறு ஓடைக்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டும். அகலச் சிறகை விரித்து, ஒரு தடவைகூட அடிக்காமல் அது வட்டமிடுவதைப் பார்த்தால், புலியைப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு வந்ததில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். நம் அப்பா தலைமுறைக்குச் சாதாரணமாகத் தெரிந்த பறவை அது.

வழியில் காட்டு யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், பின்னால் வழி இருக்கும்படி நில்லுங்கள். காது விரிந்து, தலை உயர்ந்து உங்களையே பார்த்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். யானை ரோட்டைக் கடக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருங்கள்.

ஏழாவது படி: திரும்புவது

ஊட்டிக்கு ஏறுவதாக இருந்தால் ஐந்தரைக்குள் மசினகுடியை விட்டுக் கிளம்புங்கள். கல்லட்டி வழியாக 30 கிலோமீட்டர்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. முதல் கியரும் இரண்டாம் கியருமாகத்தான் ஏற வேண்டும். விபத்துகள் நடந்ததால் இந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து இறங்க விடுவதில்லை, ஏற விடுகிறார்கள். நான் முந்தின நாள் கூடலூர் வழியாக இறங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வளைவுக்கு வளைவு முள்காடு மறைந்து, குளிர் ஏறி, கடைசியில் ஊட்டிப் பனி முகத்தில் அடிக்கும். வண்டி ஓட்டப் பழக்கம் குறைவு என்றால் கூடலூர் வழியாகவே திரும்புங்கள். மைசூர் போகிறவர்கள் ஒன்பது மணித் தடையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால்

காலை அரை நாளையே எடுங்கள். ஆறு மணி, முதல் வேன், எட்டரை முகாம், பத்து மணிக்குக் கிளம்பிவிடலாம். மாலை மட்டும்தான் முடியும் என்றால் மூன்று மணி வேனும் ஐந்தரை முகாமும். பேருந்தில் வருகிறவர்களுக்கு, ஊட்டி–மைசூர் பேருந்துகள் கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டில் நிற்கும். கூடலூரிலிருந்தும் மசினகுடிக்குப் பேருந்து உண்டு.

எந்த மாதம்?

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை காடு பச்சையாக, குளிர்ச்சியாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பார்வை நன்றாகத் தெரியும். ஆனால் அதுவே காட்டுத்தீக் காலம், சஃபாரியைத் திடீரென்று மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர் மழை கடுமை, மண் சரிவும் உண்டு. கோடை மழை இரண்டு பெய்து, கருகிக் கிடந்த தரையில் புதுப்புல் முளைக்கிற மே மாத நாட்கள் எனக்குப் பிடித்தவை. மான்கள் ரோட்டோரம் வரைக்கும் வந்து மேயும். கூட்டம் இருக்கும்தான், ஆனால் வார நாளில், ஆறு மணிக்குத் தடுப்புக் கட்டைக்கு முன்னால் நிற்கிறவருக்குக் கூட்டம் ஒரு பொருட்டில்லை.

போன மே மாதம் மச்சான் குடும்பத்தோடு திரும்பவும் வந்தார். இந்தத் தடவை ஐந்தரைக்கே எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். கார்குடி தாண்டி ஒரு வளைவில் தாய் யானையும் குட்டியும் ரோட்டைக் கடந்தன. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து நுழைந்து நடந்தது. யாரும் போனை எடுக்கவில்லை. அவை மூங்கிலுக்குள் மறைந்த பிறகும் மச்சான் கொஞ்ச நேரம் அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டியை இப்போ எடுக்காதே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.